பாண் பைக்கின் சிலிண்டர்

பேட்டரி பைக்கில் எதை அளப்பது என்று கேட்டுக்கொண்டு போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் புதிதாகப் பொறுப்பேற்ற தொழில்நுட்பப் பரிசோதகர்கள். இந்த வருடம் மின்சார பைக்குகளுக்குத் தனி வகுப்பு வருகிறதாம். கையில் பழைய படிவத்தை வைத்திருந்தார்கள். அதில் 'எஞ்சின் கொள்ளளவு' என்று ஒரு கட்டம். எஞ்சினே இல்லாத வண்டிக்கு அதில் என்ன எழுதுவது?

எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். தேநீர் குடித்து முடித்தபின் ஒருவர் கேட்டார்.

"நீங்க அளந்ததுலயே ரொம்ப கஷ்டமானது எதுண்ணே?"

"நான் அளந்ததுல ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. என்னோடத அளந்தாங்க பாருங்க, அதுதான் கஷ்டம்."

கதையைக் கேட்டுவிட்டு, இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதிவிட்டேன்.

என்னை ராஜேந்திரன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பத்தைந்து வருடம் இயந்திரங்கள் பழுது பார்த்தேன். அதனால் பிட்டர் ராஜு. பத்தொன்பது வயதில் துடைப்பதற்கும் கழுவுவதற்கும் உள்ளே போனவன், ஐந்து வருடத்தில் ரோலர் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுமளவுக்கு வந்தேன். கொழுந்து வந்து குவிந்து கிடக்கும் நேரத்தில் இயந்திரம் நின்றால் மழையோ பனியோ பார்க்க முடியாது. மேல் டிவிஷனில் இருந்த பழைய ஸ்டோருக்கும் நான்தான் போகவேண்டும். அதற்காக வாங்கியதுதான் நூற்றிருபத்தைந்து சிசி பைக். கல்லும் சேறுமான தோட்டத்து ரோட்டில் அதை ஓட்டி ஓட்டித்தான் பழகினேன். எனக்கு வேறு பயிற்சி கிடையாது.

சின்ன எஞ்சின் பைக்குகளுக்கான மண்பாதைப் போட்டியில் முதல் முறை கலந்துகொண்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஏழு வருடத்தில் ஒன்பது போட்டி ஓடினேன். நான்காம் இடத்துக்கு மேலே வந்ததில்லை. ஆனால் என் பைக்கை என் கையாலேயே தயார் செய்துகொண்டு போவேன். அப்படிச் செய்பவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகமில்லை.

நான் சொல்லப் போவது பத்தாவது போட்டி. கொத்மலைப் பக்கம், செடி பிடுங்கி வெறுமையாகக் கிடந்த ஒரு தேயிலை மலையில் பாதை வெட்டியிருந்தார்கள். சிவந்த மண். ஒரு நீளமான ஏற்றம், பிறகு வளைந்து வளைந்து இறங்கும் இறக்கம், கீழே ஒரு சின்னச் சமதரை. சனிக்கிழமை பரிசோதனையும் நேரம் பார்க்கும் ஓட்டமும். ஞாயிறு காலை தகுதிச் சுற்று, பிற்பகல் இறுதிப் போட்டி.

தலைமைப் பரிசோதகர் ஜயசிங்க மாத்தயா, நம் வாயில் சொன்னால் ஜயசிங்க ஐயா. இராணுவ வேலைத்தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. சிங்களத்தில்தான் பேசுவார், அதுவும் அளந்துதான். அவர் பைக்கைப் பார்க்கும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் பைக்கைச் சுற்றி ஒரு தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். பிறகு ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விடுவார். அது பட்டென்று தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் அத்தோடு சரி, அடுத்த பைக். பிரேக், செயின், சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாக. கம்பிகளை விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கடைசியில் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். பெரிய பெயர் எடுத்த ஓட்டுநரானாலும் என்னைப் போல ஸ்டோர்காரனானாலும் அதே ஒழுங்கு, அதே நேரம். அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் சின்னத் தாளை நான் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை நேர ஓட்டத்தில் என் எஞ்சின் இறுகிப் போனது. தவறு என்னுடையதுதான். மலை உயரத்துக்கு ஏற்றமாதிரி இருக்கட்டும் என்று கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கியிருந்தேன். அளவுக்கு மீறிச் சிறிதாக்கிவிட்டேன். பெட்ரோல் போதாமல் சூடேறி, ஏற்றத்தின் நடுவில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. அதற்குள் ஐந்தாவது நல்ல நேரம் பதிவாகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனும் போச்சு, சிலிண்டரின் உட்சுவரில் நகத்தால் கீறியது போல நான்கைந்து ஆழமான கோடுகள்.

என் மனைவி சரோஜா பக்கத்தில்தான் நின்றாள். கொழுந்து எடுக்கிறவள். போட்டி நாட்களில் விடுமுறை போட்டுவிட்டு வந்து, போனில் நேரம் பார்த்துப் பலகையில் எழுதிக் காட்டுவாள்.

"ஏங்க, நாளைக்கு ஓட முடியுமா?" என்றாள்.

"அட்டனுக்குப் போனா தெரியும்."

பைக்கையும் ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன லொறியில் இடம் கிடைத்தது. பைக்கை வழியில் வட்டவளை வீட்டில் இறக்கிவிட்டு, கழற்றிய சிலிண்டரோடு மூன்று மணிக்கு அட்டன் டவுனில் மணியம் அண்ணனுடைய லேத் பட்டறையில் நின்றோம். அவர் சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கு ராஜு. போர் பண்ணிட்டா புது எஞ்சின் மாதிரி ஓடும். ஒரு மணித்தியால வேலை."

அதில்தான் சிக்கல். என் பைக்கின் சிலிண்டர் உள்விட்டம் ஐம்பத்தாறரை மில்லிமீட்டர். அந்த அளவில் எஞ்சின் 124.1 சிசி. கீறல் போகக் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 125.2 ஆகிவிடும். எங்கள் வகுப்பின் எல்லை நூற்றிருபத்தைந்து. முன்பு நடந்த சண்டைகளால் சலுகை எதுவும் இல்லாத எல்லை.

மணியம் அண்ணனுக்கும் இது தெரியும். "புள்ளி ரெண்டு சிசி. அதுல என்ன வேகம் கூடப்போகுது? யாரு அளக்கப் போறாங்க? மொத மூணு பேரோடதத்தான் கழட்டுவாங்க. நீ எப்பவும் நாலாவதுதானே" என்று சிரித்தார்.

அவர் மனதில் கள்ளம் கிடையாது. எனக்கு உதவத்தான் சொன்னார். நானும் சிலிண்டரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் அதை இயந்திரத்தில் பொருத்தி இறுக்கவும் தொடங்கிவிட்டார். வாசலில் நின்ற சரோஜா உள்ளே வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கூடிப்போகும்னு தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

"கொஞ்சம்தான் சரோ. ஒரு சொட்டு."

"நாள் முழுக்க மலையில நின்னு கொழுந்து எடுத்துட்டு, தராசுக்கு முன்னுக்கு வந்து நிக்கிறவ நான். ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு கொறச்சு எழுதுறப்ப அவங்களும் கொஞ்சந்தான்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்து நான் எப்படிக் கத்துவேன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. மணியம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் திருகாணியைத் தளர்த்திச் சிலிண்டரைத் திரும்ப என் கையில் வைத்தார்.

கடைந்திராத பழைய சிலிண்டர் ஒன்று கிடைக்கவேண்டும். அட்டனில் இருந்த இரண்டு உதிரிப்பாகக் கடையிலும் இல்லை. வட்டவளைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பாரூக் நானாவின் ஞாபகம் வந்தது. அவர் பேக்கரியில் பாண், அதாவது ரொட்டி, எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டி கட்டி, காலையும் மாலையும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகக் கொண்டுபோய் விற்பவர். அவருடையதும் என்னுடையது போலவே அதே ரகம், அதே வருடம். எஞ்சின் வேலை எல்லாம் நான்தான் பார்ப்பேன். அந்தச் சிலிண்டரை ஒருநாளும் கடையவில்லை என்று எனக்குத் தெரியும். நானா ஒத்துக்கொண்டதில்லை. "ஓடுறது ஓடட்டும் ராஜு" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்.

ஐந்து மணிக்கு அவர் மாலைச் சுற்று முடித்து வந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒருவரிடம் அவர் தொழில் செய்யும் வண்டியின் எஞ்சினைக் கழற்றித் தரக் கேட்பது சின்ன விஷயமில்லை.

"நாளைக்கு விடியக்காலம் எனக்கு நாலு லயத்துக்குப் பாண் போகணுமே ராஜு."

"தெரியும் நானா. அதான் கேக்கவே கூச்சமா இருக்கு."

அவர் தாடியைச் சொறிந்துகொண்டு பைக்கைப் பார்த்தார். "அது பொகையிற எஞ்சின். அத வச்சி ஜெயிப்பீங்களா?"

"ஜெயிக்க மாட்டேன். ஓடுவேன்."

"என்ட பைக் ஏறேலாம நின்ன ஏத்தம் எத்தனையோ, ஒவ்வொரு தடவையும் நீங்கதானே சரிபண்ணி ஏத்திவிட்டீங்க. கழட்டுங்க. பாண கூடையில வச்சி தலையில தூக்கிட்டுப் போறன். ஒருநாளைக்குச் செத்துப்போக மாட்டேன்."

அவர் முற்றத்திலேயே கழற்றினேன். சிலிண்டரையும் அதற்குள் ஓடிப் பழகிய பிஸ்டனையும் சேர்த்தே எடுத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் என் பைக்கில் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது முற்றம் முழுக்க நீலப் புகை. சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் எனக்கு வேறொரு கவலை பிடித்தது. கடையாவிட்டாலும், பத்து வருடம் ஓடிய சிலிண்டர் தேய்ந்து தேய்ந்து தானாகவே பெரிதாகியிருக்கும். என்னிடம் இருந்தது ஒரு சாதாரண வெர்னியர். அதில் பார்த்தால் ஐம்பத்தாறு புள்ளி ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. சரோஜாவின் போனில் கணக்குப் போட்டோம். 56.70 வரை இருந்தால் நூற்றிருபத்தைந்துக்கு உள்ளே. 56.71 என்றால் வெளியே. தலைமுடியில் ஒரு பங்கு கூட இல்லாத வித்தியாசம். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

ஞாயிறு காலை ஜயசிங்க மாத்தயாவிடம் விதிப்படி எழுதிக் கொடுத்தேன்: சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றப்பட்டது, வேறொரு பைக்கில் ஓடியது. அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"அளந்தீங்களா?"

"வெர்னியரில் மட்டும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே."

"ஏழைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும் மாத்தயா."

தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "சரி. ஓடுங்க."

காலைத் தகுதிச் சுற்றில் மண் காய்ந்திருந்தது. ஏற்றத்தில் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். நான் பின்னால் புகையைக் கிளப்பிக்கொண்டு ஏறினேன். "நுளம்புக்கு மருந்தடிக்கிறாங்கடோய்" என்று, கொசுப்புகை அடிப்பதாகக் கேலி செய்து, வேலி ஓரத்தில் யாரோ கத்தினார்கள். இறக்கத்தில் சிலரைப் பிடித்து ஆறாவதாக முடித்தேன். இறுதிப் போட்டிக்குப் பத்துப் பேரை எடுப்பார்கள். அதற்கு மேல் அந்த எஞ்சினிடம் கேட்க எனக்கு மனமில்லை.

மதியம் ஒரு மணிக்கு மலை மேலிருந்து மூட்டம் இறங்கியது. இரண்டு மணிக்கு மழை. சாரல் இல்லை, எங்கள் ஊர் மழை. போட்டியை நிறுத்துவார்களா என்று எல்லோரும் கூடாரத்தைப் பார்த்தோம். நிறுத்தவில்லை. எட்டுச் சுற்று.

முதல் சுற்றிலேயே விஷயம் விளங்கிவிட்டது. பலமான எஞ்சின்கள் ஏற்றத்தில் பின்சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி நின்ற இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டிருந்தன. என் தேய்ந்த எஞ்சினுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் பலமே இல்லை. மூன்றாவது கியரில் போட்டு, மெதுவாகத் திருகிப் பிடித்தால், கிழட்டு எருமை போலச் சளைக்காமல் ஏறியது. மேல் டிவிஷன் ஸ்டோருக்கு ஆடி மழையில் எத்தனை தடவை இப்படிப் போயிருக்கிறேன். உடம்பு தானாகவே முன்னால் சாய்ந்தது. எதிலே வழுக்கும், எதிலே பிடிக்கும் என்று மண்ணின் நிறமே சொன்னது.

நான்காவது சுற்றில் மூன்றாம் இடம். சரோஜா பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். எழுதியது மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்றில் இரண்டாம் இடம். எனக்கு முன்னால் கொழும்பில் இருந்து வந்த திலங்க மட்டும். நல்ல ஓட்டக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். கடைசிச் சுற்றின் ஏற்றத்தில் அவர் பாதையின் உள்பக்கத்தை எடுத்தார். எல்லோரும் உழுதுவிட்ட இடம். நான் வெளிப்பக்கம், புல் வேர் இன்னும் மிச்சமிருந்த ஓரத்தில் ஏறினேன். அவருடைய சக்கரம் சுழலும் சத்தம் என் இடது காதில் கேட்டது. பிறகு பின்னால் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கறுப்பு வெள்ளைக் கொடியை முதலாவதாகத் தாண்டியும் நான் நிற்கவில்லை. கண்ணாடியில் சேறு அப்பியிருந்ததால் கொடியை நான் பார்க்கவே இல்லை. ஒன்பதாவது சுற்றும் ஓடத் தொடங்கிவிட்டேன். ஒருவர் ஓடிவந்து மறித்துத்தான் நிறுத்தினார்.

சந்தோஷப்பட நேரம் இருக்கவில்லை. திலங்கவின் குழு முகாமையாளர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டார். இவ்வளவு புகைக்கும் எஞ்சின் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது, அது பெரிய எஞ்சினாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். எப்படியும் முதல் மூன்று எஞ்சினைக் கழற்றுவார்கள். இப்போது என்னுடையதைத்தான் முதலில், எல்லோரும் பார்க்கக் கழற்றச் சொன்னார்.

கூடாரத்துக்குள் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. நானே கழற்றினேன், அதுவும் விதி. ஜயசிங்க மாத்தயா பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியையும் எண்ணி ஒரு தட்டில் வைத்தார். சிலிண்டர் வெளியே வந்தது. ஆவி பறந்தது. முகாமையாளர் அவசரப்பட்டார்.

"இப்போதே அளங்க. எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டும்."

"சூடாக இருக்கிறது" என்றார் ஜயசிங்க மாத்தயா.

"அதனால் என்ன?"

"சூட்டில் இரும்பு பெரிதாகும்."

அவ்வளவுதான் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். கூடாரத்தின் மேல் மழை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, புறங்கையைச் சிலிண்டரில் வைத்துப் பார்ப்பார். பிறகு தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். மறுபடி உட்காருவார். சரோஜா என் பக்கத்தில் நனைந்த சேலையோடு நின்றாள். எங்கிருந்தோ பாரூக் நானாவும் வந்து சேர்ந்திருந்தார். காலையில் பாண் விற்று முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என் மனதில் 56.71 என்ற எண் மட்டும் நின்றது.

ஜயசிங்க மாத்தயா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தார். சிலிண்டரின் உட்சுவரை மெல்லிய துணியால் துடைத்தார். உள்விட்டம் அளக்கும் கருவியை மைக்ரோமீட்டரில் வைத்துச் சரிபார்த்தார், முகாமையாளரையும் என்னையும் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொன்னார். பிறகு அளந்தார். அடியில், நடுவில், மேலே. ஒவ்வொரு இடத்திலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. அளந்தவுடன் வாயால் சொல்லமாட்டார், எழுதுவார். ஆறையும் எழுதி முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆறையும் அளந்தார்.

"ஆறில் பெரியது எதுவோ அதைத்தான் எடுப்பேன். சம்மதமா?" என்று எங்கள் இருவரையும் கேட்டார்.

முகாமையாளர் சம்மதம் என்றார். நானும் சொன்னேன்.

புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். அடியில் இரண்டும் 56.58. நடுவில் இரண்டும் 56.62. மேலே குறுக்காக 56.65. மேலே நெடுக்காக 56.68. அதன் கீழே கணக்கு, அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 124.9.

சூட்டோடு அளந்திருந்தால் 56.71ஐத் தாண்டிக் காட்டியிருக்கும், நான் வெளியே போயிருப்பேன். அந்த ஒரு மணித்தியாலத்தை அவர் எனக்காகக் கொடுக்கவில்லை. யாருடைய சிலிண்டரானாலும் அப்படித்தான் காத்திருந்திருப்பார். அதனால்தான் அந்த எண்ணை யாராலும் மறுக்க முடியவில்லை. முகாமையாளர் கையெழுத்துப் போட்டார். திலங்க மழையில் நின்றுகொண்டிருந்தவர் உள்ளே வந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தச் சிலிண்டர் எந்த பைக்கில் ஓடியது?" என்று ஜயசிங்க மாத்தயா கேட்டார்.

"பாண் பைக்கில்" என்று பாரூக் நானாவைக் காட்டினேன். நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த போட்டிக்கு முன்னால் அவரிடமிருந்து தகவல் வந்தது, மேசையில் தனக்கு உதவிக்கு வரமுடியுமா என்று. போனேன். அவருக்குப் பிறகு அந்த மேசை என்னிடம் வந்தது. போன வருடம் ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அதையும் விட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ எஞ்சினை அளந்துவிட்டேன், ஒன்றைக் கூடச் சூட்டோடு அளந்ததில்லை. பேட்டரி பைக்கில் எதை அளக்கவேண்டும் என்பதை அந்தத் தம்பிமார் கண்டுபிடிக்கட்டும். எதை அளந்தாலும் இரண்டு தரப்பையும் பக்கத்தில் நிறுத்தி அளக்கச் சொன்னேன்.

அந்த ஞாயிறு மாலையே சிலிண்டரை நானாவின் பைக்கில் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை நான் ஸ்டோரில் இருந்தேன், நடந்ததைப் பார்க்கவில்லை. சரோஜா சொல்லித்தான் தெரியும். நானா ஒவ்வொரு லயத்து முன்னாலும் ஹோர்ன் அடித்து நிறுத்தி, பாண் கொடுப்பதற்கு முன்னால் போட்டிக் கதையைச் சொன்னாராம். எங்கள் லயத்துக்கு வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக நின்ற பெண்களெல்லாம் கூடையோடு பைக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். "எதுங்க நானா அந்தச் சாமான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் குனிந்து காட்டியிருக்கிறார். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கும் மாரியாயி அக்கா, கோவில் விக்கிரகத்தைத் தொடுவது போல விரலை நீட்டித் தொட்டுவிட்டார். நாலு லயம் ஓடி வந்த எஞ்சின்.

"ஆத்தாடி, சுடுது!" என்று கையை உதறினாராம்.

விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாராம். பிறகு, சுட்ட விரலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்தாராம்.